அடைத்த கதவுக்கு எதிர் வீடு

"ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க."

கொரோனா ஊரடங்கு நாட்களில் சென்னையின் ஃபிளாட்டுகளிலும் சந்துகளிலும் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. சொன்னவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை. தொற்று வந்த வீடு என்று கதவில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர் போனை எடுத்து "ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கித் தர முடியுமா" என்று கேட்பாரா? கொத்தமல்லி இல்லாமலே ரசம் வைத்துக்கொள்வார். அதில் ஒன்றும் கெட்டுவிடாது. அதே கூச்சத்தில் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதையும் சொல்லாமல் விடுவார், "நாலு நாள்தானே" என்று. அங்கேதான் ஆபத்து.

கேட்க வைக்காமல் செய்த உதவிதான் அந்த நாட்களில் நிஜமாகப் போய்ச் சேர்ந்தது. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கடைக்குப் போறேன் அக்கா. உங்களுக்குத் தக்காளி அரை கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்டால் பதில் வந்தே தீரும். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே அதில் இல்லை, எவ்வளவு என்பது மட்டும்தான். அதோடு, போகிறவர் எப்படியும் போகப்போகிறார் என்பதால் எதிராளிக்குக் கடன்பட்ட உணர்வும் வராது. இந்த ஒரு மாற்றத்தை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்: எந்த வீட்டுக்கு, யார், எத்தனை மணிக்கு, எதை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் கூச்சத்துக்கு வேலையில்லை.

நேரத்தைப் பற்றி முதலில். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை வந்தது. அன்றிரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகள் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரை. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு அடைப்பு என்றதும் 25-ம் தேதி கடைவீதிகளில் கூடிய கூட்டம் அத்தனை நாள் காத்த இடைவெளியை ஒரே காலையில் கரைத்தது. மே 5-ல் கோயம்பேடு சந்தை மூடி, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. ஜூன் 19-க்குப் பிறகு வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்தான் கடைக்குப் போகலாம். 2021 மே மாதம் கடை நேரம் முதலில் பகல் 12 மணி வரை என்றும், பிறகு காலை 10 மணி வரை என்றும் சுருங்கியது. மே 24 முதல் கடைகளே கிடையாது, காய்கறி வண்டி தெருவுக்கு வந்தால்தான் உண்டு.

இப்படி நேரம் குறையக் குறைய, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போய் வரிசையில் நிற்பதில் அர்த்தமில்லாமல் போகிறது. ஒருவர் மூன்று வீட்டுக்கு வாங்கினால் அண்ணாச்சி கடை வரிசையில் இரண்டு பேர் குறைவு. மூன்றுக்கு மேல் ஒருவர் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. நான்காவது வீட்டில் கணக்கு குழம்பும், பை தூக்க முடியாது, இரண்டாவது வாரத்தில் அலுப்பு தட்டும். முதல் நாள் பத்து வீட்டுக்கு ஓடி, ஆறாம் நாள் போனை எடுக்காமல் விடுபவரைவிட, ஒரே ஒரு வீட்டை அது அடைபட்டிருக்கும் 14 நாளும் பார்த்துக்கொள்பவர் மேல்.

பட்டியல் வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் போதும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். கடை வாசலில் முகக்கவசத்தோடு நின்று மூன்று நிமிட ஆடியோவை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, பிராண்டு, அது இல்லாவிட்டால் எது என்ற மூன்றும் இருக்க வேண்டும். "எண்ணெய்" என்று மட்டும் எழுதினால் நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா, சன்ஃபிளவரா? "பால்" என்றால் ஆவின் பச்சையா நீலமா? பட்டியல் கைக்கு வந்த உடனே படித்துப் பார்த்து, இரவே சந்தேகம் கேட்டுவிட வேண்டும். காலை 6 மணிக்குக் கடையிலிருந்து போன் செய்தால் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார்.

நான்கு பேர் உள்ள வீட்டை 14 நாள் அடைத்தால் என்ன தேவைப்படும் என்று ஒரு தோராயக் கணக்கு கையில் இருப்பது நல்லது. சாப்பாட்டு அரிசி 10 கிலோ. இட்லி அரிசி 3 கிலோ, அதற்கு உளுந்து முக்கால் கிலோ. துவரம்பருப்பு 2 கிலோ. எண்ணெய் 2 லிட்டர். வெங்காயம் 4 கிலோ. தக்காளியை மொத்தமாக வாங்கக் கூடாது, சென்னை வெயிலில் நாலாம் நாள் நீர் விட்டுவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை கிலோ. புளி கால் கிலோ, உப்பு ஒரு பாக்கெட். இதில் பாதி ஏற்கெனவே டப்பாவில் இருக்கும். ரேஷன் அரிசி, பருப்பு வாங்கும் வீடாக இருந்தால் பட்டியல் இன்னும் சிறுக்கும். ஆனால் அடைபட்ட வீட்டார் ரேஷன் கடைக்குப் போக முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது, டோக்கன் தேதி தவறிப்போகாமல் கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பட்டியலில் யாரும் எழுதாத பொருட்கள்தான் வீட்டை நிறுத்திவிடும். தீப்பெட்டி. சானிட்டரி நாப்கின் (ஆண் ஒருவர் கடைக்குப் போகிறார் என்றால் அந்த வீட்டுப் பெண்கள் இதை எழுதவே மாட்டார்கள், ஆகவே அந்த ஒரு கேள்வியை உங்கள் வீட்டுப் பெண் தனியாகப் போனில் கேட்க வேண்டும்). குழந்தையின் டயப்பர். கொசுவத்தி. போன் ரீசார்ஜ். பிரீபெய்டு எண்ணில் வேலிடிட்டி முடிந்துவிட்டால் அந்த வீடு உலகத்திலிருந்தே துண்டிக்கப்பட்டுவிடும். இதைக் கடைக்குப் போகாமலே உங்கள் போனிலிருந்து செய்து தரலாம். கேஸ் சிலிண்டர் ஒன்றா இரண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் அது நோயின் நடுவில் தீர்ந்துபோனால் வெந்நீருக்கும் வழியில்லை.

பணத்தில் தயங்கக் கூடாது. "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது பெருந்தன்மை போலத் தெரியும், ஆனால் அடுத்த நாள் பட்டியல் சுருங்கும். கடன் ஏறுகிறதே என்று கேட்க வேண்டியதையும் கேட்காமல் விடுவார்கள். பில்லைப் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள், 347 ரூபாய் என்றால் 347 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபே இல்லாத பெரியவர்களிடம் ஒரு கவரில் 2,000 ரூபாய் முன்பணமாக வாங்கி, தீரத் தீரக் கணக்குச் சொல்வது அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். நிஜமாகவே கையில் காசில்லாத வீடு என்று தெரிந்தால் அது வேறு விஷயம். அங்கே தெருவில் நாலு பேர் சேர்ந்து போட்டு, யார் போட்டது என்று சொல்லாமல் மளிகையை இறக்கிவிட வேண்டும்.

மருந்துக்கு அளவு மீறிய கவனம் வேண்டும். மாத்திரைப் பெயரை வாயால் சொல்லி வாங்கவே கூடாது. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டையும் சேர்த்து. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 வேறு, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் வேறு. பின்னது மெல்லக் கரைவது, அதை உடைத்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரையில் 25, 50, 75, 100 என்று மைக்ரோகிராம் கணக்கில் பல உண்டு, டப்பா எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். கேட்ட கம்பெனி இல்லை என்று கடைக்காரர் வேறொன்று தந்தால், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று அட்டையை வைத்து ஒப்பிட்டு, படம் அனுப்பி, சம்மதம் வாங்கிய பிறகே காசு கொடுங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று முதல் நாளே எண்ணச் சொல்வது நல்லது. ஐந்து நாளுக்குக் கீழே என்றால் உடனே வாங்க வேண்டும்.

இன்சுலின் என்றால் இன்னும் ஒரு படி. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். மே மாத வெயிலில் பைக் டிக்கியில் வைத்துக்கொண்டு காய்கறிக் கடையில் நெடுநேரம் நின்றால் வீணாகலாம், வீணானது பார்த்தால் தெரியாது, சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும். கடைசியாக வாங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள். ஐஸ் பையோடு எடுத்துவந்தால் நடுவில் ஒரு துணி சுற்ற வேண்டும். உறைந்துபோன இன்சுலினும் குப்பைக்குத்தான். வாசலில் வைத்துவிட்டுப் போகாமல், "எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சாச்சு" என்ற பதில் வரும்வரை படிக்கட்டில் நின்று போனில் இருங்கள்.

மருத்துவர் எழுதாத மருந்தை எதிர் வீட்டார் வாங்கிக் கொடுக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டுகளில் ஸ்டீராய்டு மாத்திரைகள் இருந்தன. ஆக்ஸிஜன் குறையாத நோயாளிக்கு ஸ்டீராய்டால் நன்மை இல்லை, சர்க்கரையை மட்டும் தூக்கிவிடும். ஆவி பிடிக்கச் சொல்லிக் குக்கர் விசிலில் குழாய் மாட்டியதும், அண்டா வெந்நீரைக் குழந்தை பக்கத்தில் வைத்ததும் தீக்காயத்தில்தான் முடியும். ஆவி பிடிப்பது உடம்புக்குள் இருக்கும் வைரஸைக் கொல்வதில்லை.

சமைத்த சாப்பாடு அனுப்புவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அன்பு முதலில் போகும் வழி அதுதான். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் குறைந்தது முதல் ஐந்து நாளாவது ஒரு வேளைச் சாப்பாடு வெளியிலிருந்து போக வேண்டும். மூன்று வேளையும் ஒரே வீடு ஏற்றுக்கொண்டால் தாங்காது. காலை ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டு, இரவுக்குத் தோசை மாவு கொடுத்துவிட்டால் முடிந்தது. மாவு கொடுக்கும்போது டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

காய்ச்சல்காரருக்கு விருந்துச் சாப்பாடு இறங்காது. குழைந்த சாதம், மிளகு ரசம், பருப்புத் துவையல், இட்லி, நொய்க் கஞ்சி, வேகவைத்த முட்டை. தேங்காய் போட்ட கூட்டும் பொரியலும் முதலில் ஊசிப்போகும், ஆகவே அவை வேண்டாம். காலை 10 மணிக்கே சமைத்து அனுப்பினால் அவர்கள் 2 மணிக்குத்தான் சாப்பிடுவார்கள், அதற்குள் சாம்பார் ஒரு மாதிரி ஆகிவிடும். 12:30-க்கு அனுப்பினால் சூட்டோடு சாப்பிடுவார்கள்.

இங்கே ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. கொரோனா வந்த பலருக்கு வாசனை தெரியாமல் போனது. வாசனை தெரியாதவருக்கு ஊசிப்போன சாம்பாரும் தெரியாது, திரிந்த பாலும் தெரியாது. நாம் மூக்கால் கண்டுபிடித்துக் கொட்டிவிடுவதை அவர் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டுவிடுவார். ஆகவே மூடியில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதுங்கள்: "12 மணிக்குச் சமைத்தது, 4 மணிக்குள் சாப்பிடவும்." இதே காரணத்தால் கேஸ் கசிவும் அவருக்குத் தெரியாது. சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றம் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் அடைபட்ட வீட்டில் இருக்கும் யாருக்கும் எட்டாத நிலையில், இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடினார்களா என்று போனில் கேட்பது எதிர் வீட்டாரின் வேலை. வெளியில் நிற்கும் உங்களுக்கே நாற்றம் வந்தால் 1906-க்கு அழையுங்கள், மணியை அடிக்காதீர்கள், சுவிட்சில் பொறி வரும். கதவைக் கையால் தட்டுங்கள்.

பாத்திர விஷயம். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது நம் வழக்கமில்லை. காய்ச்சலோடு எழுந்து அதில் போடச் சர்க்கரை இருக்கிறதா என்று தேடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அதைத் தவிர்க்க, பாக்கு மட்டைத் தட்டிலோ வாழை இலைப் பொட்டலத்திலோ கொடுக்கலாம். எவர்சில்வர் தூக்குதான் வசதி என்றால் இரண்டு செட் கொடுத்து, "எல்லாம் முடிஞ்சப்புறம் மொத்தமா வாங்கிக்கறேன், இப்போ எதுவும் வெளியே வைக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பொருளை வாசலில் வைப்பது எப்படி? 2020-ல் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, முருங்கைக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டோம். தொற்று பெரும்பாலும் காற்றின் வழியே வருகிறது, பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு வருவது மிகக் குறைவு என்பது பிறகு தெளிவானது. ஆகவே பையைத் துடைப்பதைவிடக் கதவு திறக்கும் நேரத்தில் எதிரில் நிற்காமல் இருப்பது முக்கியம். ஃபிளாட்டின் உள்நடை, ஜன்னல் இல்லாத லிஃப்ட் வாசல் போன்ற இடங்களில் காற்று தங்கும். படிக்கட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். ஒரு ஸ்டூலைக் கதவுக்கு வெளியே நிரந்தரமாகப் போட்டு (முதியவர் குனிய வேண்டாம்), அதில் வைத்து, மணியடித்து, ஒரு மாடி இறங்கிவிட்டுப் போன் செய்யுங்கள். இரண்டு தரப்பும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும்.

மாடியிலிருந்து கயிறு விட்டு இறக்கும் கூடை அழகான ஏற்பாடு, ஆனால் அதிலும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. துணிப்பையைக் கட்டினால் சுவரில் உரசி ஆடி, பால் பாக்கெட் கிழியும். அகலமான பிளாஸ்டிக் வாளிதான் சரி. மெல்லிய கயிறு வயதானவர் உள்ளங்கையை அறுக்கும், சுண்டுவிரல் பருமனாவது இருக்க வேண்டும். மேல் முனையை பால்கனி கிரில்லில் கட்டிய பிறகே கீழே விட வேண்டும், இல்லாவிட்டால் வாளியோடு கயிறும் வந்துவிடும். நம் தெருக்களில் முதல் மாடி உயரத்தில் கேபிள் வயர்கள் கொடி கொடியாக ஓடுகின்றன. அவற்றுக்கு உள்பக்கமாகக் கயிறு இறங்குகிறதா என்று வெறும் வாளியை விட்டுப் பாருங்கள். கரன்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

தண்ணீர் கேனை இப்படி ஏற்ற முடியாது. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதை எழுபது வயது தம்பதியின் வாசலில் வைத்துவிட்டு வந்தால் அது வாசலிலேயே நிற்கும், அவர்களால் உள்ளே நகர்த்தவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. கைப்பம்பு ஒன்றை வாங்கிக் கேன் மேல் மாட்டிக் கொடுத்தால் வாசலில் இருந்தபடியே ஜக்கில் பிடித்துக்கொள்வார்கள். அல்லது இரண்டு லிட்டர் பாட்டில்களில் நிரப்பி வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தனிக் கதவும் தனிக் கழிவறையும் உள்ள வீடுகளுக்கு. சென்னையில் பாதி வாழ்க்கை அப்படி இல்லை. ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம், இரண்டு பொதுக் கழிவறை. வீட்டிலேயே தனிமைப்படுத்த அனுமதிக்கத் தனி அறையும் தனிக் கழிவறையும் வேண்டும் என்பது அன்றைய விதி, இல்லாதவர்களை மாநகராட்சி கொரோனா பராமரிப்பு மையங்களுக்கு அழைத்துப் போனது. அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சுபவர்களுக்கும் அந்த இரண்டு கழிவறைதான். இரண்டில் ஒன்றை அந்தக் குடும்பத்துக்கே ஒதுக்கிவிட்டு, மற்ற ஐந்து குடித்தனமும் ஒன்றில் சமாளித்த முற்றங்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அது சாதாரண விட்டுக்கொடுத்தல் இல்லை. ஒதுக்க முடியாத இடத்தில் நேரம் பிரிக்கலாம்: அந்தக் குடும்பம் கடைசியாகப் போவது, போய்வந்த பின் ஜன்னலும் கதவும் திறந்தபடி அரை மணி நேரம் விடுவது, அடுத்தவர் முகக்கவசத்தோடு போவது.

லாரித் தண்ணீர், அடிபம்புத் தண்ணீர் பிடிக்கும் தெருவில் அடைபட்ட வீட்டின் குடத்தை யார் நிரப்புவது என்பதுதான் முதல் சண்டை. அவர்கள் குடத்தைத் தொட வேண்டியதே இல்லை. வாசலில் ஒரு பெரிய டிரம் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் குடத்தால் அதில் ஊற்றிவிட்டு வந்துவிட்டால், எல்லோரும் கலைந்த பிறகு அவர்கள் மொண்டுகொள்வார்கள். டிரம்மை மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்த பையன்களின் கதை வேறு. அறையில் அடுப்பு கிடையாது, மெஸ் மூடியாயிற்று. அவர்களில் பலரைத் தாங்கியது அம்மா உணவகம், ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும். ஊரடங்கின் முதல் மாதங்களில் சென்னையில் அது இலவசமாகவே கிடைத்தது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவ நினைத்து இண்டக்‌ஷன் அடுப்பைக் கொடுக்காதீர்கள். 5 ஆம்பியர் பிளக்கில் 1,800 வாட் அடுப்பைச் செருகினால் பிளக் உருகும், மாடி முழுக்க இருட்டாகும். 500 வாட் ரைஸ் குக்கர் கொடுங்கள், அதில் சாதமும் ஆகும், பருப்பும் வேகும், முட்டையும் அவியும்.

நோய் வந்த வீட்டோடு தினமும் இரண்டு முறை போனில் பேச வேண்டும், காலை 8, இரவு 8. "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "காலையில ஆக்ஸிஜன் எத்தனை காட்டுச்சு மாமா? காய்ச்சல் எத்தனை? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பேச்சையும் கவனியுங்கள். நேற்று முழு வாக்கியமாகப் பேசியவர் இன்று நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா? கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? அறிகுறி தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் நிலைமை சட்டென்று திரும்பக்கூடியது. மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்ஸிஜன் இறங்குவதும் இந்த நோயில் உண்டு.

ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பதையும் போனிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவிரலோ ஆள்காட்டி விரலோ, நெயில் பாலிஷும் அடர்ந்த மருதாணியும் இல்லாத விரல். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கையை ஆட்டாமல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்ற பிறகே குறிக்க வேண்டும். இரண்டு எண் தெரியும், ஒன்று ஆக்ஸிஜன், மற்றது நாடித் துடிப்பு. பெரியவர்கள் துடிப்பைப் படித்துவிட்டு "78 தான் இருக்கு" என்று பதறுவார்கள். இன்னொரு குழப்பம், கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் 98 என்பது 86 ஆகத் தெரியும். முதலில் ஆக்ஸிஜனைக் குறிக்கும் "எஸ்பிஓ2" என்ற எழுத்து நேராகத் தெரிகிறதா என்று கேளுங்கள். வீடியோ காலில் காட்டச் சொன்னால் சந்தேகமே இல்லை.

ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே நின்றால் காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கையில் சரியாக இருந்து, அறைக்குள் ஆறு நிமிடம் நடந்த பின் 94-க்குக் கீழே போனாலோ 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குபவரை நடக்கவிட்டுப் பார்க்கக் கூடாது. 108-க்கு அழைத்துவிட்டு வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைக்கலாம், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து. கர்ப்பிணிக்கும், சாப்பிட்டு ஒரு மணி ஆகாதவருக்கும் இது கூடாது. 2021 மே மாதம் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றபோது, படுக்கை தேடி போன் செய்தது பெரும்பாலும் எதிர் வீடுகளும் மாடி வீடுகளும்தான். நோயாளியோடு இருப்பவருக்குக் கையும் ஓடாது, மூளையும் ஓடாது. அதற்காக ஒரு தாளில் நோயாளியின் வயது, அறிகுறி தொடங்கிய நாள், சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மருந்துகள், கடைசியாகப் பார்த்த ஆக்ஸிஜன் அளவு, ஆதார் எண் எல்லாம் எழுதி உங்கள் போனில் முன்கூட்டியே படமாக இருக்கட்டும். ஆதார் இருப்பதால் காரியம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஒரு பையில் சார்ஜர், கண்ணாடி, பல்செட் டப்பா, இரண்டு உடை, மருந்து அட்டைகள். சார்ஜர் இல்லாமல் போன நோயாளியோடு பிறகு பேசவே முடியாமல் போகும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் தனியாக இருந்த முதியவர்களுக்கு நோயே வராவிட்டாலும் ஒரு கண் தேவைப்பட்டது. தினம் போன் செய்தால் சிலருக்குத் தொந்தரவாக இருக்கும். அதற்கு வாசலே போதும். காலை 8 மணிக்குள் பால் பாக்கெட் உள்ளே போயிருக்க வேண்டும், கோலம் போடும் வீடாக இருந்தால் கோலம் விழுந்திருக்க வேண்டும், இரவு பால்கனி விளக்கு எரிய வேண்டும். இதை அவர்களிடமே சொல்லி ஒப்புக்கொண்டு செய்ய வேண்டும், வேவு பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது. பால் பாக்கெட் வெளியே கிடந்தால் முதலில் போன், எடுக்காவிட்டால் கதவைத் தட்டுவது, அதற்கும் பதிலில்லை என்றால் மாற்றுச் சாவி. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கசப்பான பகுதியையும் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லும் கட்டையும் எடுத்து அடித்த ஊரும் இதே சென்னைதான். மருத்துவமனையிலிருந்து வேலை முடிந்து வந்த நர்சை வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்களும், தொற்று வந்த வீட்டாருக்கு லிஃப்டை நிறுத்திய குடியிருப்புகளும் இருந்தன. இவை பயத்தில் நடந்தவை என்று சொல்வார்கள். பயம் எல்லோருக்கும்தான் இருந்தது. குரூப்பில் "சி பிளாக் மூணாவது மாடி, பாசிட்டிவ்" என்று ஒருவர் போட்ட செய்தி பத்து நிமிடத்தில் ஐந்து குரூப்புக்குப் போகும். ஆகவே உதவிக்கான குரூப்பில் பெயரும் கதவு எண்ணும் வரவே கூடாது. ஒருங்கிணைப்பவர் ஒருவர், உதவுபவர் ஒருவர், அந்த வீடு. இந்த மூவருக்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அன்று காய்ச்சல் கணக்கெடுக்க வீடு வீடாக வந்த மாநகராட்சிப் பணியாளரிடம் மறைத்திருக்கக் கூடாது. மறைத்த வீட்டுக்கு, அடைபட்டவர்களுக்கு உதவ மாநகராட்சி நியமித்த ஃபோகஸ் தன்னார்வலரும் வரவில்லை, பரிசோதனையும் வரவில்லை.

வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி. வரவேண்டாம் என்று சொன்னது நாம், அசோசியேஷன் கேட்டை மூடியது நாம். அந்த மாதச் சம்பளம் முழுதாகப் போய்ச் சேர வேண்டும், அதை முன்பணம் என்று எழுதி வைத்துக்கொண்டு பிறகு பிடிக்கக் கூடாது.

குப்பை. அடைபட்ட வீட்டின் குப்பையை அன்று மாநகராட்சி தனியாக எடுத்துப் போனது, அதைப் பொதுத் தொட்டியில் போட எதிர் வீட்டார் சுமந்து போக வேண்டியதில்லை. அவர்களுடைய முகக்கவசம், டிஷ்யூ எல்லாம் தனிப் பையில் கட்டி இருக்க வேண்டும். நம் வீட்டு முகக்கவசங்களையும் வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அன்றைய அறிவுரை. குப்பை அள்ளுபவரின் கை அதில் படுகிறது.

தனிமை முடியும் நாளை இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று விதி பலமுறை மாறியது. 2020-ல் 17 நாள் என்றிருந்தது, 2022 ஜனவரியில் 7 நாளாகக் குறைந்தது. ஆகவே பழைய கணக்கை வைத்துக்கொண்டு யாரையும் மேலும் அடைத்து வைக்கக் கூடாது. நாள் முடிந்ததும் முதலில் நீங்களே போய்க் கதவருகே நின்று பேசுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். ஒரு வாரமாவது அவர்களுக்கு மாடி ஏற மூச்சு வாங்கும், கேனைத் தூக்க முடியாது. காய்கறியை இன்னும் பத்து நாள் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கணக்கை முடித்துவிடுங்கள், தூக்குகளை வாங்கிக்கொள்ளுங்கள், ஏதாவது போட்டுக் கொடுத்தால் மறுக்காதீர்கள். தெருவுக்கென்று வாங்கிய ஆக்ஸிமீட்டரையும் தெர்மாமீட்டரையும் ஸ்பிரிட்டில் துடைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் நாளடைவில் கசிந்து கருவியை அரித்துவிடலாம். அடுத்து யாருக்குத் தேவைப்படும் என்று தெரியாது, எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதை நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.